செத்த வீட்டுக் கதிரைகள்

பத்து மணிக்குக் கொழும்பு அதிகாரி வருகிறார். ஒன்பது மணிக்கு மன்றத்து மண்டபத்தில் உட்கார ஒரு கதிரைகூட இல்லை. மன்றத்தை நடத்தும் இன்பமலர் வெறும் சீமெந்துத் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"நிஸா, அறுபது கதிரையும் எங்க?"

கதிரைகளுக்குப் பொறுப்பான நஜ்முன் நிஸா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "லிங்கநகர் ஞானசேகரம் மாஸ்டர் மௌத்தாகிட்டார்தானே. நேத்தே குடுத்து விட்டுட்டன்."

"ஒரு இருபதைத் திருப்பி எடுப்பமோ?"

"செத்த வீட்டுக் கதிரையைப் பிரேதம் எடுக்கமுதல் கேக்கிறதோ? ஊர் காறித் துப்பும், அக்கா."

அந்த வழக்கத்தை ஊருக்குப் பழக்கிவிட்டதே இவர்களின் அலைக்கரை மக்கள் மன்றம்தான். துறைமுகத்தில் வேலை வற்றிப்போன வருஷம் நாலு பெண்கள், ஒரு தையல் மெஷின், ஒரு தகரக் கொட்டில் என்று தொடங்கியது. பிறகு பாலர் பள்ளி வந்தது. பெற்றோல் வரிசைக் காலத்தில் முந்நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சியது. எந்த மதத்துக்காரர் வீட்டில் சாவு விழுந்தாலும் கேட்காமலே கதிரை போய்ச் சேரும். மன்றத்தைத் தன் கிளை அலுவலகமாகச் சேர்த்துக்கொண்ட கொழும்புத் தலைமைக் கந்தோர் மட்டும் இதையெல்லாம் வளர்ச்சி என்று ஒத்துக்கொள்ளவில்லை. படிவத்தில் கஞ்சிக்குக் கட்டம் இல்லையாம்.

போன கிழமை கடிதம் வந்தது: "கந்தோரை மூடும் விடயமாக நேரில் பேச வருகிறேன்."

கொழும்புக் கடிதம் என்றைக்கு நல்ல சேதி கொண்டுவந்தது? இன்பமலர் அதைக் கிழித்தெறியவில்லை. கோபம் ஆறிப்போகாமல் இருக்க, கண்ணில் படும்படி சுவரில் ஒட்டி வைத்தாள்.

"மண்டபம் நிறையச் சனத்தை இருத்திக் காட்டுறன். பிறகு மூடட்டும் பாப்பம்!"

கதிரைக்குப் பதிலாக, நாலைந்து பேர் சேர்ந்து இருக்கக்கூடிய நீள வாங்குகளை மீனவர் சங்கத்திடம் கேட்டாள். உடனே அனுப்பினார்கள். எல்லாம் கருவாடு காயப்போட்ட வாங்குகள். வாங்குகளுக்குப் பின்னாலேயே பூனைகளும் வந்தன. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். வாங்குகள் நனைந்தன, வாடையும் போகவில்லை, பூனைகளும் போகவில்லை.

"ஊர் துப்பினால் துப்பட்டும்" என்று ஓட்டோவில் ஏறி லிங்கநகருக்குப் பறந்தாள்.

செத்த வீட்டில், பின்வரிசையில் இருந்தவர்களின் காதுக்குள் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். மாஸ்டரின் மனைவி பாக்கியரத்தினம் ஒப்பாரியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"என்ன பிள்ளை குசுகுசுக்கிறாய்?"

இன்பமலர் கூனிக் குறுகிச் சொன்னாள்.

"மூடப் போறானாமோ?" பாக்கியரத்தினத்தின் கண்ணீர் அந்த இடத்திலேயே காய்ந்தது. "இவற்ர பென்சன் அலுவலா ஏழுதரம் அலைஞ்சது நீயோ, கொழும்பானோ? பிரேதம் எடுக்க மூண்டு மணியாகும். எல்லாரும் அவரவர் கதிரையைத் தூக்குங்கோ!"

"அன்ரி, நீங்களாவது இருங்கோ..."

"மாஸ்டருக்குப் பக்கத்தில மகள் இருக்கிறாள். அவர் எங்கயும் ஓடமாட்டார்."

அறுபது பேர் கதிரைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். சனம் கிளம்பியதைக் கண்ட பறைமேளக்காரர்கள், பிரேதம் எடுத்தாகிவிட்டது என்று எண்ணி, அடித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

அதிகாரி பிரகலாதன் வந்து வாசலில் நின்றபோது உள்ளே பறைமேளம், கருவாட்டு வாடை, பூனைகள், வெள்ளைச் சேலைகள். அறுபது கதிரையிலும் ஆட்கள். அவர் பையை அணைத்தபடி நின்றார். ஒரு பூனை அவருடைய காலை முகர்ந்து பார்த்தது.

இருக்கச் சொல்லக் கதிரை மிச்சமில்லை, வாங்குகளோ இன்னும் ஈரம். இன்பமலருக்கு அதற்கு மேல் பொறுமையும் இல்லை.

"பாத்தீங்களோ ஐயா? பிரேதத்தை விட்டிட்டு வந்த சனம் இது! கடிதம் எழுதி மூடுறதுக்கு இது பெட்டிக்கடை இல்லை. நீங்கள் இண்டைக்குப் பூட்டினால் நாளைக்கு மரத்துக்குக் கீழ திறப்பன். இங்கயிருந்து ஒரு கதிரையும் அசையாது!"

சனம் கைதட்டியது. மேளக்காரர்களும் விடவில்லை, தங்கள் பங்குக்கு முழக்கித் தள்ளினார்கள்.

பிரகலாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேளம் ஓயும்வரை காத்திருந்தார்.

"மூடுறது கொழும்புக் கந்தோரை, அக்கா, அங்க ஒருத்தரும் வாறதில்லை. இனித் தலைமைக் கந்தோர் இதுதான். எனக்கும் இங்க ஒரு கதிரை போட ஏலுமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."