ஜிம்மிக்கு ஒரு துண்டு

மாலை ஏழு மணிக்கு ஜிம்மியின் தலையில் துண்டைப் போட்டார் செபஸ்தியான். அடுத்த நிமிடமே போன் அலறியது.

"அப்பா, கேமராவ மூடிட்டீங்களா? 'அப்பாவைக் காணவில்லை'ன்னு மெசேஜ் வருது! இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன்."

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் பிரிஸ்கில்லா. அப்பா தனியாக இருக்கிறாரே என்று அவள்தான் திண்டுக்கல் வீட்டுக்கு ஜிம்மி என்ற அந்த ரோபோவை அனுப்பியிருந்தாள். முழங்கால் உயரம், முட்டைக்கண், மாத்திரைக்கு நேரம் சொல்லும் வாய். வேடசந்தூர் மில்லில் முப்பது வருடம் மெஷின்களை ஆட்டிவைத்த பிட்டர், இந்தக் குட்டிச்சாத்தானிடம் மாட்டிக்கொண்டார்.

"பின்ன என்ன பாப்பா? வேட்டி மாத்துறதக்கூட பாத்துக்கிட்டு நிக்குது. எவனெவனுக்கு அனுப்புதோ! சரி, அங்க குளிரா? இளைச்சிட்டியா?"

"அதெல்லாம் இல்லப்பா. துண்டை எடுங்க, வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும்தான் போன் வரும். அணைந்த திரையையே அவர் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வெறிச்சென்று இருந்தது.

மறுநாள் அதே நேரம் ஜிம்மியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். போன் வந்தது, திட்டும் வந்தது. அடுத்த நாள் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். கூடவே போனையும் வைத்துப் பூட்டிவிட்டார்! உள்ளே அது அலறுகிறது, சாவியைக் காணோம். அதற்குள் பிரிஸ்கில்லா பதறிப்போய் போன் போட்டுச் சொல்லி, எதிர்வீட்டு சகாயராணி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"அண்ணே! உசுரோடதான் இருக்கீகளா?"

தெருவே கூடிவிட்டது.

"போதும்ப்பா," என்றாள் மகள், ஒருவழியாகப் போன் கிடைத்ததும். "பிடிக்கலேன்னா எதுக்கு? கம்பெனி ஆள வந்து எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

"அய்யய்யோ, வேணாம்மா! இருந்துட்டுப் போகட்டும்."

"எனக்காகச் சொல்லாதீங்க."

மறுநாள் சாயங்காலமே கம்பெனி ஆள் ரொனால்டு வந்துவிட்டான். செபஸ்தியான் காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், சிறுமலை வாழைப்பழம் கொடுத்தார். பாவி, அத்தனையும் தின்றுவிட்டு ஜிம்மியைத் தூக்கினான். எடுத்துப்போவதைக் காட்ட பிரிஸ்கில்லாவுக்கு வீடியோ காலும் போட்டான்.

"கேமராவ அணைக்க முதுகுலயே சுவிட்ச் இருக்கே சார். மில் பிட்டர்னு சொன்னீங்க, உங்களுக்கா தெரியல?"

"கண்ணு மங்கல் தம்பி," என்று முனகினார்.

சுவர்க்கடிகாரம் ஏழு அடித்தது. ரொனால்டின் கையில் இருந்தபடியே ஜிம்மி கண் விழித்தது.

"செபஸ்தியான் சார், நீங்கள் தினமும் ஞாபகப்படுத்தச் சொன்னது: மணி ஏழு. பாப்பாவுக்கு அங்கே சாப்பாட்டு நேரம். என்மேல் துண்டைப் போடுங்கள், உடனே பேசுவாள்."