சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில்

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இருந்தவர்கள் அப்பா, அவருடைய மகன், மகனின் மனைவி, பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை. வேறு யாரும் இல்லை. பார்த்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள்தான் ஏராளம்.

பெரிய மாப்பிள்ளை தன் சோபாவைக் கொடுத்து, சின்ன மாப்பிள்ளையின் ஃப்ரிட்ஜை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

"முதல்ல ஃப்ரிட்ஜ் வரட்டும்."

"சோபா வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

ஒரு மணி நேரமாக இதே பல்லவி.

மகனுக்குப் பொறுக்கவில்லை. அவன் கிளியரிங் ஹவுஸில் வேலை பார்ப்பவன். சந்தையில் வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் நடுவில் நின்று, ஒருவன் கைவிரித்தாலும் மற்றவனுக்குச் சேரவேண்டியதைச் சேர்க்கும் நிறுவனம் அது.

"அத்தான், நீங்க ஒருத்தரையொருத்தர் நம்பவே வேண்டாம். ரெண்டு சாமானையும் எங்கிட்டக் குடுங்க. ரெண்டு பேருக்கும் நான் பொறுப்பு."

"ஒருத்தர் தராமப் போனா, மச்சான்?"

"நான் தருவேன். அதுக்குத்தான் முன்கூட்டியே ஆளுக்கொரு ஈடு வாங்கிக்குவேன். உங்க வாட்ச் போதும்."

அப்பா எழுந்துவிட்டார். "மாப்பிள்ளைங்ககிட்ட ஈடா? இந்த வீட்டுலயா?"

"ஈடு இல்லாம நடுவுல நிக்கறது பைத்தியக்காரத்தனம்பா!"

"வாயை மூடு."

"சாமானையாவது ஒரு தடவை பாத்துட்டு வரலாமே மாமா," என்றாள் மருமகள்.

"அதுவும் சந்தேகப்பட்ட மாதிரிதாம்மா." நியாயமான பேச்சு. ஈடு இல்லாமலே மகன் பொறுப்பேற்றான்.

புதன்கிழமை பெரிய மாப்பிள்ளை போன் செய்தார். சோபாவின் கால் ஒடிந்துவிட்டதாம். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு, சின்னவருக்குத் தன் சோபாவைக் கொடுப்பதென்று முடிவு செய்தான். பதிலுக்குச் சின்னவரின் ஃப்ரிட்ஜாவது வரும்.

வியாழக்கிழமை சின்னவர் பேசினார். "மச்சான், ஃப்ரிட்ஜ் திடீர்னு உயிரை விட்டுடுச்சு."

மகன் துள்ளினான். "ரெண்டு பேருமே தவறிட்டாங்க! ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சுபோச்சு. யாருக்கும் எதுவும் தர வேண்டாம்பா!"

"அது உன் ஆபீஸ் சட்டம். பொறுப்புன்னு சொன்னது யாரு? மாப்பிள்ளைங்களுக்குக் குடுத்த வாக்கு இந்த வீட்டுல மாறாது."

சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளைகள் அனுப்பிய லாரி வாசலில் நின்றது. வீட்டுச் சோபா ஏறியது. பின்னாலேயே ஃப்ரிட்ஜும் ஏறியது.

மருமகள் பால் பாக்கெட்டுகளோடு வந்தாள். "இதை எங்க வெக்கறது?"

"என் தலையில வை," என்றான் மகன்.

எதிர்வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். "உங்க மாப்பிள்ளைங்களுக்கு ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கையே இல்லையாமே?"

அப்பா வாய் திறக்கும் முன், கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் சொன்னார்:

"யாரு சார் சொன்னா? பத்து நாளைக்கு முன்னாடியே ரெண்டு பேரும் ஒண்ணா வந்து வண்டி பேசினாங்க, இந்த வீட்டுல ஒரு சோபா, ஒரு ஃப்ரிட்ஜ் ஏத்தணும்னு."