கியர்பெட்டியைக் கண்காணித்த மூன்று மாதங்கள்

என்னிடம் ஒரு குறை உண்டு. எதையும் எழுதி வைப்பேன். எழுதி வைத்ததைத் திரும்பப் படிக்க மாட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக டைரி எழுதுகிறேன். பால் வந்த நேரம், மழை தொடங்கிய நேரம், பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் வாசலுக்கு வந்துபோன நேரம், எல்லாம் அதில் இருக்கிறது. எதற்காக என்று சரஸு கேட்டால், "பின்னால் உதவும்" என்பேன். (சரஸு என் மனைவி. "பின்னால்னா எப்போ?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி.)

என் வேலையும் அப்படி. பிழைக்க வந்த மலையாள ஊரின் நகரசபையில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் குமாஸ்தா. எதிரே ஒருவர் முழு உடம்போடு நின்று பேசிக்கொண்டிருந்தாலும், அவர் பிறந்தார் என்பதற்குச் சான்று கேட்கிற பிரிவு அது. அங்கே பல வருடம் உட்கார்ந்தவனிடம் கிளட்ச் மிதி இல்லாத காரை யாரும் ஒப்படைக்கக் கூடாது. என் மைத்துனன் குமார் ஒப்படைத்தான்.

குமார் கப்பலில் எஞ்சினியர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் ஒன்றில், ஜப்பானில் ஓட்டிக்கொண்டிருந்த காரை இங்கே கொண்டுவந்து இறக்கினான். மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை, இடுப்பு உயரம். மட்டாஞ்சேரி சந்துகளில் அது போகும்போது ஆட்டோ ஓட்டுநர்கள் குனிந்து பார்த்தார்கள். அடுத்த பயணத்துக்குக் கப்பல் ஏறும்போது சாவியை என் கையில் வைத்தான்.

"வாரத்துல மூணு நாளாவது ஓட்டுங்க அத்தான். உப்புக்காத்துல சும்மா நின்னா கெட்டுப் போயிரும். ஏதாவது ஆச்சுன்னா தோப்பும்படி ஷாஜிகிட்ட மட்டும் போங்க. வேற யாரும் தொட வேண்டாம்."

'மட்டும்' என்றானே, ஏன்? என் சந்தேகம் அந்த நிமிடமே தொடங்கியது. அன்றைய பக்கத்தில் அது பதிவாகியிருக்கிறது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது சாதாரண கியர்பெட்டிதான், கிளட்சும் உண்டு. ஆனால் அதை மிதிப்பது நாமல்ல. கியர் கம்பியை முன்னே தட்டினால் மேல் கியர், பின்னே இழுத்தால் கீழ் கியர். கிளட்சை விடுவது, பிடிப்பது எல்லாவற்றையும் எங்கோ ஒளிந்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கியர் மாறும்போது ஒரு நொடி இடைவெளி விழும். உள்ளே இருப்பவர்கள் தலை முன்னே போய்ப் பின்னே வரும். "ஒவ்வொரு கியருக்கும் நம்ம ரெண்டு பேர்கிட்டயும் சம்மதம் வாங்குது" என்றாள் சரஸு. அவளுக்கு அது பிடித்திருந்தது. எனக்கு, என் காலுக்குரிய வேலையை என்னைக் கேட்காமல் யாரோ செய்வது பிடிக்கவில்லை. உதவிக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. முழுக்க ஜப்பானிய மொழி.

முதல் வாரத்திலேயே நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரு மாலை, குடையை எடுக்கக் காரின் கதவைத் திறந்தேன். சாவி என் சட்டைப் பையில். இருந்தும் இருக்கைக்குப் பின்னால் 'ம்ம்ம்ம்' என்று ஓர் உறுமல். சில நொடிகள் கேட்டு நின்றது. கதவைச் சாத்தித் திறந்தேன். மறுபடியும் உறுமல்.

சாவி இல்லாமல் உறுமுகிற வண்டி, சாவி இல்லாமல் புறப்படாது என்று என்ன நிச்சயம்? எங்கள் வீட்டு வாசலிலிருந்து பத்தடியில் வாய்க்கால். அலுவலக ஜீப் டிரைவர் நீண்ட விடுப்பில் போகும்போது பாட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் போவார். நானும் முன்மூடியைத் திறந்து வயரைக் கழற்றினேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை வயரை மாட்டி வண்டியை எடுத்தால், குளிர்க்காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறியது. முதல் கியரில் ஒரு குதி, நின்றது, மறுபடி ஒரு குதி. தோப்பும்படிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது.

ஷாஜிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஷார்ஜாவில் ஒரு வொர்க்ஷாப்பில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, இங்கே மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் தொழில் செய்துகொண்டிருந்தார். அறைத்தோழர்கள் தமிழர்கள் என்பதால் தமிழும் கலந்து பேசுவார். அவர் முன்மூடியைத் திறக்கவில்லை, ஸ்பானரைத் தொடவில்லை. இருக்கையில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்தபடி கியர் கம்பியை அப்படியும் இப்படியும் பத்து நிமிடம் ஆட்டினார். இறங்கினார்.

"கேடு ஒண்ணும் இல்ல சண்முகம் சேட்டா. கிளட்ச் எவிடெப் பிடிக்கணும்னு வண்டி மறந்து போச்சு. நான் ஓர்மைப்படுத்தி விட்டேன்."

"வண்டிக்கு மறதியா?"

"உண்டு சேட்டா. ஆராச்சும் பாட்டரி வயர் கழட்டியோ?"

நான் யோசித்தேன். குற்றத்தை நம் தலையில் கட்டப் பார்க்கிறான். "இல்லையே" என்றேன்.

கூலியைக் கேட்டேன். "இதுக்கு எந்துக் கூலி? ஒரு சாயா வாங்கித் தா" என்றார். என் சந்தேகம் உறுதியானது அப்போதுதான். ஸ்பானர் தொடாமல் பத்து நிமிடத்தில் சரி செய்கிறவன், கூலியும் வேண்டாம் என்கிறவன், நாளைக்கு நான் திரும்பி வருவேன் என்று தெரிந்தவனாகத்தானே இருக்க வேண்டும்?

திரும்பிப் போனேன். மூன்று மாதத்தில் பலமுறை. சில நாள் வண்டி பட்டுப்போல ஓடும். சில நாள் உதறும். ஷாஜி பத்து நிமிடம் உட்காருவார், சரியாகும். நான் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் எழுதினேன்.

கடைசியில் ஒரு காலை, கடைவீதியின் நடுவில், வெங்காய லாரிக்கும் மிளகு மூட்டை வண்டிக்கும் இடையே கார் ஒரு குதி குதித்து நின்றேவிட்டது. கியர் எண் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு கோடு மினுக்கியது. 'பீப், பீப்' என்று அழுதது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. சுமை தூக்கும் தொழிலாளர்கள் வந்து தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை.

"கியரில் கிடக்காணு, உருளாது" என்றார் அவர்களில் மூத்தவர். "எட்டு பேர் வாடா. பொக்கு!"

தூக்கப் போகிறார்கள் என்று புரிந்து நான் கதவைத் திறக்கப் போனேன்.

"சேட்டன் இறங்க வேண்டா. ஒரு சாக்கு அரி, அத்ரதன்னே!"

அரிசி மூட்டையாக மதிக்கப்பட்ட நான் காரோடு எழும்பினேன். பூமியில் இல்லாத நிலையில் நான் செய்த ஒரே காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்: இடது பக்கம் திரும்புவதற்கான விளக்கைப் போட்டேன். (சாலை விதி.) வெங்காயக் கடை வாசலில் இறக்கி வைத்தார்கள். பார்த்துக்கொண்டு நிற்பதற்கே கூலி கேட்பவர்கள் என்று ஊரில் பெயர் வாங்கியவர்கள். அன்று தூக்கியதற்குக்கூட வாங்கவில்லை. கண்ட காட்சியே போதும் என்றார்கள்.

எல்லாம் ஷாஜியின் வேலை என்ற கோபம் அடங்காமல் இருந்த அந்த வாரத்தில்தான் மத்தாயி சார் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பிரிவின் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தோப்பும்படியில் அவருக்கு ஒரு ஷெட் இருந்தது.

"ஷாஜின்னு ஒருத்தன் ஷெட்டு கேட்டிருக்கான். ஐஸ் பெட்டிக்காரங்களும் கேக்குறாங்க. நீ வண்டி கொடுக்குற ஆளல்லே? நம்பலாமா?"

நீ எழுதிவைக்கிறவன், தெரியாமல் சொல்ல மாட்டாய் என்று அவர் சொல்லாமல் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது.

"கொடுக்காதீங்க சார்" என்றேன். "அவனே கெடுத்து அவனே சரி பண்றான். டைரியில ஆதாரம் இருக்கு."

ஒரு மனிதர் மரத்தடியிலிருந்து கூரைக்குள் போவதை ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

ஆனால் மத்தாயி சார் நியாயக்காரர். "ஆள் முன்னாடி சொல்லு. ஞாயிற்றுக்கிழமை டைரியும் கொண்டு வா" என்றார். நான் சனிக்கிழமை மாலை வழக்கம்போல வயரைக் கழற்றி, ஞாயிறு காலை மாட்டிப் புறப்பட்டேன். வண்டி தோப்பும்படிவரை உதறியது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. சாட்சி தானாகவே துடித்துக்கொண்டு வருகிறது! துறைமுகத்தில் மீன் வாங்க வேண்டும் என்று சரஸுவும் உடன் வந்தாள். அதுதான் நான் செய்த பிழைகளில் பெரியது.

பூட்டிய ஷெட்டுக்கு வெளியே நின்றோம். ஷாஜி சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். டைரி தமிழில், மத்தாயி சாருக்கும் ஷாஜிக்கும் படிக்கத் தெரியாது. நானே மலையாளத்தில் சொல்லிக்கொண்டு போவதாக ஏற்பாடு. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"திங்கள், மாலை 6.50. கதவு திறந்ததும் உறுமல். பாட்டரி வயரைக் கழற்றினேன். செவ்வாய், காலை 7.30. வயரை மாட்டினேன். 7.40. வண்டி உதறியது."

"நில்லு" என்றார் மத்தாயி சார். "அந்த வயர் எந்தா?"

"பாதுகாப்புக்கு சார்."

"ம். மேலே வாயி." (வாயி என்றால் வாசி.)

"வெள்ளி, மாலை 6.45. வயரைக் கழற்றினேன். சனி, காலை 8.10. மாட்டினேன். 8.20. உதறல்."

மத்தாயி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படிக்கத் தெரியாத பக்கத்தை ஏன் எட்டிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்ததைப் படித்தேன்.

"ஞாயிறு. மழை. வயர் கழற்றவில்லை. திங்கள். வண்டி நன்றாக ஓடியது. காரணம் தெரியவில்லை. சந்தேகத்துக்குரியது."

மத்தாயி சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். என் குரல் அதற்குப் பிறகு எனக்கே தூரத்தில் கேட்கத் தொடங்கியது. நான்காவது பதிவு, ஐந்தாவது. கழற்றினேன், மாட்டினேன், உதறியது. நான் எழுதிய எழுத்து. நிமிடம் தவறாத எழுத்து. அடுத்த வரியைக் கண்ணால் மட்டும் படித்தேன். அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

"ஏங்க, ஒரு வரி விட்டுட்டீங்க" என்றாள் தோளுக்குப் பின்னாலிருந்து சரஸு.

"அது வேண்டாம் சரஸு."

"எல்லாத்தையும் படிக்கிறதாத்தானே பேச்சு?" அவள் டைரியை வாங்கிக்கொண்டாள். தென்காசிக்காரி, பள்ளியில் உரக்க வாசித்துப் பரிசு வாங்கியவள். "'ஷாஜி பாட்டரி வயரைப் பற்றி மறுபடியும் கேட்டான். இல்லை என்றேன். இவ்வளவு கேட்பவன் எதையோ மறைக்கிறான்.'"

ஷாஜிக்கு அந்தத் தமிழ் முழுவதும் புரிந்தது. அவர் நேரே போய் வயரைக் கழற்றினார், மாட்டினார், என்னை ஓட்டச் சொன்னார். வண்டி என்னை ஷெட் வாசலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை குதிக்க வைத்தது. பிறகு அவர் உட்கார்ந்து பத்து நிமிடம் கம்பியை ஆட்டினார். மறுபடி ஓட்டினேன். பட்டு.

"அந்த உறுமல்?" என்று கடைசித் துரும்பைப் பிடித்தேன்.

"கிளட்ச் அமுக்க எண்ணெய் வேணுமல்லே? நீங்க ஏறப் போறீங்கன்னு கதவு திறந்ததும் பம்ப் தயாராகுது. மரியாதை சேட்டா, அது மரியாதை."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "மூணு மாசமா உறக்கம் இல்ல. சேட்டன் கள்ளம் பறையுற ஆளில்லன்னு நெனச்சேன். அப்போ பிழை என் கையில்தானேன்னு. ஷார்ஜாவுல படிச்ச வேலை மறந்து போச்சான்னு."

நான் அவரைச் சந்தேகப்பட்ட மூன்று மாதமும் அவர் தன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். என்னை நம்பியதால்.

"தப்பு என்னுதுதான் ஷாஜி" என்றேன். மத்தாயி சார் ஷெட் சாவியை எடுத்து ஷாஜியின் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஷாஜியிடம் போய், பரிகாரமாக ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டேன்.

"சேட்டன் நல்லா எழுதுமல்லோ. வர்ற வண்டிகளுக்கு ஒரு ரெஜிஸ்டர் வரைஞ்சு தா."

தடித்த நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, வண்டி எண், பெயர், புகார். ஷாஜி பார்த்துவிட்டு, புகாருக்கு முன்னால் இன்னொரு கோளம் வேண்டும் என்றார். (கோளம் என்றால் இங்கே பத்தி; நெடுக்காகப் போகும் கட்டம்.) தலைப்பை அவரே சொன்னார்: 'வண்டியின்மேல் தாங்கள் செய்தது.' அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக யாருக்கும் அனுமதி இல்லை.

குமார் அடுத்த விடுப்பில் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஷெட்டில் இன்று பழைய நோட்டுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அந்தக் கட்டத்துக்குத் தோப்பும்படியில் 'சண்முகம் கோளம்' என்று பெயர். என் ஸ்கூட்டரை விடப் போனபோது, முன்னால் நின்ற ஒருவர் பேனாவைக் கடித்தபடி என்னிடமே கேட்டார்: "ஆராணு சேட்டா இந்தச் சண்முகம்?"

"தெரியலை" என்றேன். "எதுக்கும் உண்மையை எழுதிடுங்க."

வீட்டிலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. என் கண்ணாடியை யாரோ எடுத்துவிட்டார்கள், மிக்சியை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நான் தொடங்கினால், சரஸு அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "முதல்ல உங்க கோளத்தை நிரப்புங்க."

நிரப்புகிறேன். அநேகமாக அதற்குப் பிறகு புகார் எழுத இடம் மிஞ்சுவதில்லை.