இரண்டாயிரம் வரை எண்ணிய புரோகிராம்

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ராகுலன் அறிய, அப்பா இரத்தினசிங்கம் எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் எனக்கும் அம்மாவுக்கும் சுகத்துக்கு ஒரு குறையுமில்லை. மெல்பேர்னில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

எங்களை அங்கேயே வந்து தங்கிவிடும்படி கேட்டிருந்தாய். வர ஏலாது மகன். எனக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது. பென்சன் எடுத்த கையோடு கம்ப்யூட்டர் வகுப்பில் சி மொழி படிக்கச் சேர்ந்தேன் அல்லவா, கடைசிப் பரீட்சையில் தேறினால் சனிக்கிழமைகளில் புதுப் பிள்ளைகளுக்கு நானே படிப்பிக்கலாம் என்று ஷபீகா ரீச்சர் சொல்லியிருந்தா. பரீட்சை என்னவென்றால், ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைப்போல் ஒரு பிள்ளையைப் பெறவேண்டும், தாய் ஆயிரம் தரம், பிள்ளை ஆயிரம் தரம் ஒரே எண்ணில் ஒவ்வொன்றாகக் கூட்டி இரண்டாயிரம் காட்டவேண்டும். என்னுடையது ஆயிரத்தில் நின்றுவிட்டது. மூன்று நாளாகத் தாயையும் பிள்ளையையும் மாறி மாறித் திட்டினேன். பிறகுதான் விளங்கியது, பிள்ளை பிரியும்போது எண்ணின் பிரதியைத்தான் கொண்டுபோகிறது. முப்பத்தைந்து வருஷம் துறைமுகக் கந்தோரில் கார்பன் பேப்பர் வைத்து டைப் அடித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? பேப்பரை உருவின பிறகு கொப்பியில் எதைத் திருத்தினாலும் மூலத்தில் விழாதே.

ஆகவே பிரியமுன்னமே இரண்டுக்கும் பொதுவாக ஒரு நினைவகத் துண்டை ஒதுக்கினேன். தாய் தன்னுடைய ஆயிரத்தை எண்ணினபிறகு, பிள்ளையும் முடிக்கும்வரை காத்திருக்க ஒரு வரி போட்டேன். ஓட்டினால் எண்ணையே காணோம், புரோகிராம் அந்த இடத்திலேயே செத்துப்போச்சு. நான் தலையில் கைவைத்துக்கொண்டிருக்க, அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னா:

"நீங்கள் சாப்பிட்டு முடிக்கமுன்னம் சோத்துக் கோப்பையைக் கழுவுற ஆள். இதுக்குள்ளயும் அப்பிடி ஏதும் செய்துவைச்சீங்களோ?"

பார்த்தால், அதேதான். எண்ணை அச்சிடும் வரிக்கு முந்தின வரியிலேயே பொது நினைவகத்தைக் கம்ப்யூட்டருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மேசையைத் துப்புரவாக்கிப்போட்டு எழும்புகிற கந்தோர்ப் பழக்கம், என்ன செய்ய. இரண்டு வரியையும் இடம் மாற்றினேன், இரண்டாயிரம் வந்தது. நேற்று ரீச்சர் பார்த்துவிட்டு, "சனிக்கிழமையில இருந்து கிளாஸ நீங்களே எடுங்க அங்கிள்" என்றா. எனக்குக் கண் கலங்கிப்போச்சு, சொல்ல என்ன வெட்கம்.

ஆகவே எங்களைப் பற்றி யோசியாதே. நாங்கள் இங்கே சந்தோஷமாக இருக்கிறோம், ஒருவரும் பக்கத்தில் இருக்கவேண்டிய தேவையில்லை. அம்மாளாச்சி உன்னைக் காப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: நாளைய வகுப்பை நினைத்து இப்போது இன்னும் பத்துத் தரம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது தரம் இரண்டாயிரம். பத்தாம் தரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. இரண்டும் ஒரே நேரத்தில் கைவைத்து, ஒன்று எழுதினதை மற்றது அழிக்குதுபோல. நாளைக்கு வெறும் கூட்டல் கழித்தலைக் காட்டிச் சமாளிப்பன். உனக்கு இதுதானே தொழில். ஆனால் போனில் சொன்னால் எனக்கு ஏறாது ராசா, ஒரு மாசம் லீவு போட்டு வந்து பக்கத்தில இருந்து சொல்லித்தா. நான் கேட்கமுன்னமே அம்மா உன்ர அறையைக் கூட்டிப்போட்டா.