காரின் முட்டிக்குப் போட்ட தைலம்

கார் ஓட்டிக் கெடுத்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். ஓட்டாமல், ஏறாமல், கிட்டத்தில்கூடப் போகாமல், அடுப்பங்கரையில் உட்கார்ந்தபடியே ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் படுக்க வைத்தவள் இந்த நீலகிரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். முப்பது வருடம் ஜெகதளா பக்கம் தேயிலை பறித்தேன். முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு மகள் மல்லிகா வீட்டில் இருக்கிறேன். வீட்டை ஒட்டியே மாப்பிள்ளையின் கார் ஷெட். (அவர் பெயரை எழுதலாம்தான். கை வரமாட்டேன் என்கிறது.)

மாப்பிள்ளை முன்னால் நின்று பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ஷெட்டுப் பக்கம் திறக்கும் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். மல்லிகா வேலைக்குப் போயிருந்தால் டம்ளர்தான் பேசும். கதவில் ஒரு தட்டுத் தட்டினால் டீ தயார். இரண்டு தட்டினால் சோறு தயார். ஒன்பது வருடக் குடித்தனம் இந்த இரண்டு தட்டிலேயே ஓடிவிட்டது.

போன மழையில் ஷெட்டுக்கு வரும் வண்டிப் பாதை மண் சரிந்து அடைத்துக் கிடக்க, என் முட்டியும் மடங்காமல் போனபோது, சரிவில் இருந்த படி அத்தனையும் ஏறி என்னை முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோனவர் அவர். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். (நான் பார்க்காவிட்டால் அவரும் என்னைப் பார்க்கமாட்டார் என்று ஒரு நினைப்பு.) ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தும் ஒரு நன்றி சொல்லவில்லை. அதற்கு எத்தனை தட்டு என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கடனை மனதில் வைத்துக்கொண்டு நான் அலைந்த நாளில்தான் அந்தச் சிவப்புக் கார் வந்தது. குன்னூர் பல் டாக்டரம்மாவுடையது. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும்.

"பின்னாடி ஆடுதுங்க தம்பி. கொண்டை ஊசி வளைவுல நான் ஒரு பக்கம் திருப்பினா, பின்பக்கம் வேற ஊருக்குப் போறேங்குது. பள்ளத்துல எறங்குனா டொக்கு டொக்குன்னு சத்தம்."

மாப்பிள்ளை காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "பின் சக்கரத்தைப் புடிச்சிருக்கற கம்பியோட மூட்டுல ரப்பர் புஷ் இருக்குதுங்கம்மா. நாலும் தேஞ்சு வெடிச்சுப் போச்சுங்க. நம்ம முட்டிக்குள்ள சவ்வு தேயறாப்பலதானுங்க."

கதவுக்குப் பின்னால் என் முட்டிகள் இரண்டும் அந்தக் காருக்காக அழுதன.

"ஞாயித்துக்கிழமை ஊட்டில, இந்த மாதிரிக் கார் வெச்சிருக்கற எங்காளுங்க எல்லாம் ஒண்ணு கூடறாங்க. அதுக்குள்ள ஆயிருமா?"

"ஆயிருமுங்க" என்றார் மாப்பிள்ளை. ஜீப்பும் பால் வண்டியும் தவிர வேறு எதுவும் வராத ஷெட் அது. இந்த ஒரு வேலை நன்றாக அமைந்தால் டாக்டரம்மாவின் ஆட்கள் எல்லாரும் வருவார்கள் என்று மல்லிகாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயமுத்தூர் கடையிலிருந்து புதுப் புஷ் நாலும் பஸ்ஸில் வந்தன. நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு உளுந்து வடை மாதிரி இருந்தன. ஷெட் ஒழுகுகிறது என்று மல்லிகா அவற்றை அடுப்பங்கரை அலமாரியில் வைத்தாள்.

சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார்: "புதுசு கல்லாட்ட வெறைப்பா இருக்குது புள்ள. உள்ள தள்றதுக்குள்ள உசுரு போயிரும்."

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மூட்டு. விறைப்பு. இதற்கு மருந்து தெரியாதவள் நீலகிரியில் பிறந்திருக்கவே வேண்டாம். என் நீலகிரித் தைலப் பாட்டிலை முழுசாகக் கிண்ணத்தில் கவிழ்த்து, புஷ் நாலையும் போட்டு ஒரு பகல் முழுக்க ஊற வைத்தேன். அவ்வப்போது எடுத்து நீவியும் விட்டேன். சாயங்காலம் அமுக்கிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி இருந்தன. என் கைராசியை நானே மெச்சி, துடைத்து, பொட்டலம் கட்டிப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

(வாசனை வரவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எப்போதும் அந்த வாசனைதான். ரசத்தில்கூட அடிக்கும் என்பாள் மகள். போதாததற்கு மாப்பிள்ளைக்கு அன்றைக்குச் சளி.)

மறுநாள் டாக்டரம்மாவும் வந்து நின்றிருக்கும்போது பொட்டலம் பிரிந்தது. புஷ் ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கு ஊதியிருந்தது. மாப்பிள்ளை ஒன்றை உள்ளே தள்ளப் பார்த்தார். அது பிதுங்கி, வழுக்கி, ஷெட்டைத் தாண்டி ஓடியது.

மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போயிற்று. கோயமுத்தூர் கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏனுங்ணா, போலிச் சாமானத் தலைல கட்டிப்போட்டீங்களே!"

"அய்யோ சத்தியமா ஒரிஜினலுங்க! எங்கப்பா காலத்துக் கடைங்க, என் பேரைக் கெடுத்துராதீங்க!"

"நான் எதுக்குங்க கெடுக்கறேன்? மலை மேல இருக்கற ஷெட்டுக்கெல்லாம் சொல்லிப்போடறேன், உங்க கடைப் பக்கம் ஒருத்தன் வரமாட்டான்!"

முகம் தெரியாத ஒரு மனிதர், என் தைலத்துக்காகப் பேச்சு வாங்குகிறார். டம்ளரை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

"டீ வேண்டாமுங்கத்தை."

இரண்டு தட்டினேன்.

"சோறு அப்பறமுங்க."

மூன்று, நான்கு, அப்புறம் கோயில் மணி மாதிரி விடாமல் தட்டினேன். டாக்டரம்மா, "உள்ள என்னங்க கல்யாணமா?" என்றார். கடைக்காரர் போனில் அழுகிற மாதிரி ஆகிவிட்டார். டம்ளரைக் கீழே போட்டேன். கதவைத் தள்ளினேன். வெளியே வந்து நின்றேன்.

"தைலம்!" என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பினார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மீதியைச் சொன்னேன். "கடைக்காரரை வையாதீங்க மாப்ளே. நாந்தானுங்க. முட்டி வெறைப்பு போகட்டும்னு தைலத்துல ஊறப் போட்டுட்டேனுங்க."

டாக்டரம்மா ஒரு புஷ்ஷை எடுத்து மோந்து பார்த்தார். சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

"அடடா! வேர் சிகிச்சை பண்ணின பல்லுக்குள்ள ரப்பராட்ட ஒண்ணை அடைச்சிருப்போங்க தம்பி. அதை மறுபடி எடுக்கணும்னா, நாங்க இந்தத் தைலத்தை விட்டுத்தான் எளக்குவோம். அம்மா வைத்தியம் சரிதாங்க. நோயாளிதான் தப்பு!"

அணைக்க மறந்த போனுக்குள்ளிருந்து கடைக்காரர் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். "அம்மா, நீங்க நல்லா இருக்கோணும்! காலைல மொத பஸ்ஸுல வேற செட்டு அனுப்பறேன். அதுக்குக் கஷாயம் எதுவும் குடுத்தராதீங்க!"

மாப்பிள்ளை அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒம்பது வருசம் கழிச்சு அத்தை பேசுன மொத வார்த்தை தைலமுங்க டாக்டரம்மா" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாக, "அன்னிக்கு என்னையச் சொமந்தீங்களே, அதுக்குத்தானுங்க செஞ்சேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கீழே கிடந்த டம்ளரை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

அடுத்த செட்டைச் சோப்புத் தண்ணீர் தொட்டு உள்ளே தள்ளினார். (அவ்வளவுதானாம் வைத்தியம்!) ஞாயிற்றுக்கிழமை கார் ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்த டாக்டரம்மா, "வாங்க வைத்தியரம்மா" என்று என்னை ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போனார். வளைவில் பின்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. என்னை இறக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இப்போதும் வடைக்கு உளுந்து ஊறப்போட்டால், "அம்மா, நீ கிட்ட வராதே" என்று மல்லிகா கிண்ணத்தை மறைக்கிறாள். ஷெட்டுக்கு வரும் புது ஆட்களிடம் எல்லாம் மாப்பிள்ளை என்னைக் காட்டி, "பெரிய மெக்கானிக்குங்க" என்கிறார்.

ஊதிப்போன புஷ் ஒன்றை அவர் வீசவில்லை. காற்றுக்கு அடித்துக்கொள்ளும் அடுப்பங்கரைக் கதவுக்கு அடியில் செருகிவிட்டார். நல்ல பிடிமானம். அன்றிலிருந்து அந்தக் கதவு சாத்திக்கொள்ளவே இல்லை. எனக்கும் ஒளிய இடமில்லை. "மாப்ளே, டீ ஆச்சுங்க" என்று வாயால்தான் கூப்பிடுகிறேன்.