டைனோசருக்குக் கை குட்டை

என் மனைவியை எதிர்த்து நிற்பது என்று ஒரு நாள் வீரமாக முடிவெடுத்தேன். நேருக்கு நேர் அல்ல. இணையத்தில், புனைபெயரில்.

கட்டட வரைபடம் போடுவது என் பிழைப்பு. அந்தக் கையாலேயே ஒரு கார்ட்டூன் தொடர் ஆரம்பித்தேன். எல்லோரும் பார்த்த அந்த டைனோசர் படத்தில், அசையாமல் நின்றால் அதன் கண்ணுக்கு நாம் தெரிய மாட்டோம் என்பார்களே, அதுதான் கரு. "பாத்திரம் யார் கழுவுறது?" என்று டைனோசர் உறுமும். புருஷன் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இன்னொரு ஃப்ரிட்ஜாக நிற்பான். பன்னிரண்டாயிரம் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதின்மூன்றாவது ஆயிரத்தில் அவளும் ஒருத்தியாக வந்துவிட்டால் தொலைந்தேன் என்று எனக்கு உள்ளூர உதறல்தான்.

நேற்று அவளுடைய தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

கையில் போன். போனில் என் டைனோசர்.

"இது போட்டிருக்கிற கவுன் யாருது?"

"பொதுவா ஒரு கவுன்மா..."

"இடது பக்கம் மட்டும் ரெண்டு பாக்கெட். உலகத்துலயே நான் ஒருத்திதான் அப்படித் தைக்கிறேன்."

அளவு பிசகாமல் வரைந்து பழகிய புத்தி என்னை மாட்டிவிட்டது. அசையாமல் நின்றேன்.

"மூச்சு விடுங்க. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

"கோபம் இல்லையா?"

"எதுக்கு? பல்வரிசை அழகா இருக்கே."

எவ்வளவு தங்கமான மனைவி! கண் கலங்கிவிட்டது. அவள் டேப்பை எடுத்துப் படத்தின் மேல் வைத்தாள்.

"உடம்பு பதினோரு சென்டிமீட்டர். கை ஒரே ஒரு சென்டிமீட்டர். அளவு சரிதானா?"

தொழில் மானம் பொங்கியது. "என் படத்துல அளவு தப்பவே தப்பாது!"

"இந்தக் கையோட சிங்க்ல பாத்திரம் கழுவ முடியுமா?"

"எப்படி முடியும்? குழாய்கூட எட்டாதே!" என்று நானும் சிரித்தேன்.

"பாவம், இல்ல?" என்றபடி அவள் மெஷினுக்குத் திரும்பினாள். "சோப்பு ஜன்னல்கிட்ட இருக்கு."

வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று கேட்காதீர்கள். ஈரமாக இருப்பது என் கை.