எஞ்சின் ஆறட்டும் என்றார் தண்டா பாய்

இந்தத் தீவுகளில் அவசரமே படாமல் வாழ்ந்துவரும் ஒரே மனிதர் தண்டா பாய்தான். இங்கே கப்பல் பிடிப்பவர்கள் ஓடுவார்கள், மழை ஓடிவரும், சூரியன்கூட ஐந்தரை மணிக்கே கடையைக் கட்டிவிடும். தண்டா பாய் மட்டும் அசையமாட்டார்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் ஒருநாள் கேட்டிருந்தாலும் டைரியில் குறித்து வைத்திருப்பேன். அபர்டீன் பஜாருக்குப் பின்னால் சரிந்து இறங்கும் சந்தில், பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டகை அவருடையது. பழைய மோட்டார் சைக்கிள்களை மட்டுமே பார்ப்பார். குடும்பம் ராமநாதபுரத்திலிருந்து வந்தது. அவர் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரில். யார் வண்டியை உள்ளே தள்ளிவந்தாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பஹ்லே தண்டா ஹோனே தோ." முதலில் ஆறட்டும் என்று பொருள். பெயர் வந்தது அப்படித்தான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எஞ்சினுக்குள் காற்றும் புகையும் வந்துபோக இரண்டு வால்வுகள் இருக்கின்றன. வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் சிறிய கைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். என் பழைய நூறு சிசி வண்டிக்கு அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகி அளப்பார்கள். சூட்டில் உலோகம் விரியும். அளவு பொய் சொல்லும். ஆகவே முழுக்க ஆறிய எஞ்சினில்தான் பாய் கைவைப்பார். மற்ற மெக்கானிக்குகள் காதைச் சாய்த்து, ஸ்க்ரூடிரைவரைத் திருகி, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். பாயிடம் வந்த வண்டிக்குப் பெரும்பாலும் ஒரு ராத்தங்கல்தான்.

ஒருமுறை உயர் அதிகாரி ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார்.

"பத்து நிமிஷத்துல மீட்டிங் பாய். ஜல்தி!"

பாய் ஸ்டூலைப் போட்டார். கடையில் இருந்த ஒரே மேசை விசிறியை ஓடவிட்டார். அதிகாரி மேல் பொத்தானைக் கழற்றி முகத்தை நீட்டினார். பாய் விசிறியை நிதானமாகத் திருப்பி எஞ்சினுக்கு நேராக வைத்தார்.

"என்ன பாய், எனக்கு வேர்க்குதே!"

"உங்களுக்கு வேர்க்கும் சாப், தானா ஆறிடுவீங்க. அதுக்கு வேர்க்காதே."

எஞ்சின் ஆறிவிட்டதா என்று அவர் பார்க்கும் விதம் தனி. முதலில் புறங்கை. பிறகு முழங்கை. கடைசியாகக் கண்களை மூடிக் கன்னத்தை எஞ்சின்மேல் பதித்துக்கொண்டு அரை நிமிடம் இருப்பார். மெயின்லேண்டிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி ஒருவர் அதைத் தீவுச் சடங்கு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதை நானே பார்த்தேன்.

பாய்க்கும் எனக்கும் ஒத்துப்போனது. நானும் அளவு பார்க்கிற ஆள்தான். அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு சனிக்கிழமை மாலை 4.40க்கு என் மனைவி மல்லிகாவுக்கு உத்தரவு வந்தது. பதினோரு ஆண்டுகள் ஒப்பந்த ஆசிரியையாக இருந்தவளுக்கு பாராடாங் தீவுப் பள்ளியில் நிரந்தர வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சேர வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். விடுமுறை முடிகிற சமயம், பேருந்தில் ஓர் இருக்கைகூட இல்லை. மிஞ்சியது எங்கள் வண்டி. பாராடாங் போகும் காட்டுச் சாலையில் வண்டிகளைக் காவலோடு, குறித்த நேரத்தில், கூட்டமாகத்தான் விடுவார்கள். ஜிர்காடாங் கேட்டில் காலை ஆறு மணிக் கூட்டத்தைப் பிடித்தால் பத்துக்குள் போய்விடலாம். அங்கே அவள் தங்கப்போகும் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஐந்து கிலோமீட்டர் என்பதால் வண்டியை அவளிடமே விட்டுவிட்டு நான் திரும்புவதாகத் திட்டம். என்னைவிட அவள் நன்றாக ஓட்டுவாள்.

வண்டிக்கு வால்வு இடைவெளி பார்க்கும் தவணை தாண்டியிருந்தது. ஞாயிறு காலை ஏழு மணி. எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய ஃபீலர் கேஜ் என்னிடமே இருக்கிறது. பாய் ஒன்பதுக்குக் கடை திறக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கையேட்டைப் பிரித்தேன். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் தெரியும் 'டி' குறியைப் பிடித்தேன். இரண்டு வால்விலும் தகடு நுழையவே இல்லை. நல்லவேளை, கண்டுபிடித்தோம் என்று மகிழ்ந்து இரண்டையும் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்தேன். டைரியில் எழுதினேன்: "இன்லெட் 0.05. எக்ஸாஸ்ட் 0.05. நேரம் 7.52. திருப்தி."

வண்டியை உதைத்தால் பத்துத் தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடுவதுபோல் சத்தம். பிளக், கார்புரேட்டர் என்று சம்பந்தமில்லாத இடங்களிலெல்லாம் மூன்று மணி நேரம் தேடினேன். ஓட்டிப் பார்த்தேன், முதல் ஏற்றத்திலேயே படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தபோது மணி 12.15. ஞாயிறு அரை நாள்தான் கடை. பாய் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு கை வெச்சது?"

"நான்தான் பாய்."

உத்தரவுக் காகிதத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கிய மல்லிகா, "எவ்ளோ பெருமையா சொல்றாரு பாருங்க பாய்" என்றாள்.

நான் டைரியைப் பிரித்து ஒரு வரி விடாமல் படித்தேன். பாய் முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

"அளவெல்லாம் கரெக்ட் சார். அளந்த நேரம்தான் தப்பு. பிஸ்டன் ரெண்டு தடவை மேல வரும். ஒரு தடவை ரெண்டு வால்வும் மூடி சும்மா இருக்கும், அப்பதான் அளக்கணும். இன்னொரு தடவை ரெண்டும் லேசா திறந்திருக்கும். ரெண்டுக்கும் அதே 'டி'தான் தெரியும். வால்வை அழுத்துற அந்தச் சின்னக் கையை ஆட்டிப் பாத்தீங்களா, லூசா இருக்கான்னு?"

"புக்குல அப்படிப் போடலையே பாய்."

கையேட்டை வாங்கி ஒரு பக்கம் திருப்பிக் காட்டினார். அடுத்த பக்கத்தின் முதல் வரியே அதுதான்.

"அரே சார், மூச்சை இழுத்துப் பிடிச்சிட்டு நிக்கிறவனுக்கு சட்டை அளவு எடுத்திருக்கீங்க."

"இப்பவே சரி பண்ணிடுங்க பாய். நாளைக்கு ஆறு மணிக்கு கேட்ல நிக்கணும்."

"தண்டா ஆகட்டும்."

"கொஞ்சம் தண்ணி ஊத்திடலாமா?"

அவர் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்வாங்கினேன். மல்லிகா உத்தரவை அவரிடம் நீட்டினாள். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. தேதியையும் நேரத்தையும் மட்டும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார்.

"சாப்பாட்டுக்கு வரல. ஒரு டீச்சர் வேலைல சேரணும். ஆமா, இஞ்சின் சூடு."

ஷட்டர் மறுபடி மேலே போனது. விசிறி எஞ்சினைப் பார்த்துச் சுழன்றது. மூவரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்குக் கன்னம் வைத்தார், உதட்டைப் பிதுக்கினார். நான்கு மணிக்கு வைத்தார். "வெளிய ஆறிடுச்சு, உள்ள கோவம் இருக்கு" என்றார். மல்லிகா என்னைப் பார்த்தாள். எனக்கும் புரிந்தது. 5.10க்கு மறுபடி வைத்தார். இம்முறை கன்னத்தை எடுக்கவே மனம் வராதவர்போல் இருந்தார்.

"காய்ச்சல் விட்டுருச்சா பாய்?" என்றாள் மல்லிகா.

"விட்டுருச்சு டீச்சர்."

வேலைக்குப் பிடித்தது ஒன்பதே நிமிடம். முடித்ததும் தகட்டை வால்வில் செருகி மல்லிகாவைக் கூப்பிட்டார். "இழுத்துப் பாருங்க. வரணும், ஆனா யோசிச்சிட்டு வரணும்."

மல்லிகா இழுத்தாள். "பதினோரு வருஷம் யோசிச்சிட்டு வந்த என் ஃபைல் மாதிரியா?"

பாய் சிரித்தார். அவருக்குப் பல் இத்தனை உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "அவ்ளோ டைட் வெச்சா வால்வு கருகிடும் டீச்சர்."

மறுநாள் 5.20க்கே நாங்கள் கேட்டில் நின்றோம். வண்டி காட்டு வழி முழுக்க டிக் டிக் என்று அளவாகப் பேசிக்கொண்டு வந்தது, படகில் ஏறியது, இறங்கியது. 9.05க்கு மல்லிகா பள்ளிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். வராந்தாவுக்கு வந்து பாய்க்குப் போன் செய்தேன். நான் வாய் திறக்கும் முன் அவரே கேட்டார்.

"டீச்சர் சேந்துட்டாங்களா?"

"சேந்துட்டா பாய்."

எல்லாருக்கும் டீ கொடுக்கச் சொல்லி எதிர் டீக்கடையைப் பார்த்து அவர் கத்துவது கேட்டது: "தாதா, சப்கோ சாய்!" அதற்குப் பிறகுதான், போனால் போகிறது என்பதுபோல், "வண்டி எப்படி ஓடுச்சு?" என்றார்.

வண்டி இப்போது பாராடாங்கில் இருக்கிறது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் நடந்தே அந்தச் சந்துக்குப் போய்விடுகிறேன். என்னிடம் காட்டுவதற்கு எஞ்சின் எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். எதற்கு வந்தீர்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.